அய்யாவின் காலும் இரண்டு டப்பாக்களும்

அய்யாவுக்கு நெஞ்சுவலி வந்து, மதுரையில் ஸ்டென்ட் வைத்து, தங்கச்சிமடத்துக்குத் திரும்பக் கூட்டிவந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாத்திரையைப் பற்றித்தான் சண்டை நடந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மற்ற மாத்திரைகளை எல்லாம் அவர் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை மட்டும் தொடமாட்டேன் என்றார். அதைச் சாப்பிட்டால் கெண்டைக்கால் இரண்டும் கட்டிக்கொள்கின்றன, தொடை கடுக்கிறது, வலை இழுக்க முடியவில்லை என்பது அவர் வாதம்.

அவர் இழுப்பது கரைவலை. படகில் கொண்டுபோய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வருவார்கள். இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்றபடி இரண்டு கூட்டமாக இழுக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைக் கை வேலை என்று நினைக்கிறார்கள். மணலில் குதிகாலை ஊன்றிப் பின்பக்கமாகவே நடக்கும் வேலை அது. கால் போனால் ஆள் போனது மாதிரி. “லேசான வேலை செய்யலாம்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாஞ்சில் ஆழ்கடலுக்குப் போய் வந்த மனிதருக்குக் கரைவலை லேசான வேலைதான். டாக்டரிடம் இதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

ராமநாதபுரத்தில் அவரைத் தொடர்ந்து பார்த்துவந்தவர் ஒரு பெண் டாக்டர். ஸ்டென்ட் என்றால் என்ன என்று காட்ட, ரத்தக் குழாய்க்குள் சின்னதாக ஒரு வலை வைத்திருக்கிறோம் என்று படம் வரைந்தார். அய்யா படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அந்த வலையின் கண்ணி எத்தனை விரக்கடை அகலம் என்று கேட்டார். டாக்டர் அடுத்த விஷயத்துக்குப் போனார். அடுத்த விஷயம் அந்த மாத்திரை. அதை விட்டால் மறுபடி அடைத்துக்கொள்ளும், அடுத்த தடவை மதுரைவரை போய்ச்சேர முடியும் என்று சொல்ல முடியாது என்றார்.

“அடைச்சா அடைக்கட்டும். காலு இல்லாம கெடந்து நான் என்ன செய்யப்போறேன்” என்றார் அய்யா, பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியபோது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தே, சிக்னல் கிடைக்கும் மூலையில் உட்கார்ந்து செய்வேன். கம்பெனி செய்வது ஒரு செயலி. ஒரு மருந்து ஆயிரம் பேருக்கு நல்லது என்று புத்தகத்தில் இருக்கும். இந்த ஒரு ஆளுக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்பது புத்தகத்தில் இருக்காது. அதைக் கண்டுபிடிக்க அந்த ஒருவரை வைத்தே ஒரு சோதனை நடத்துவார்கள். கொஞ்ச நாள் நிஜ மருந்து, கொஞ்ச நாள் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, பிறகு மறுபடி மாற்றி மாற்றி. எது எப்போது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தினமும் காலையில் போன் கேட்கும், அவர் பதில் சொல்வார். கடைசியில் செயலி கணக்குப் போட்டுப் படம் வரைந்து காட்டும். என் வேலை, திரையில் வருவதை எல்லாம் தமிழில் எழுதுவது. படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரலும் வேண்டும் என்றார்கள். குரல் கொடுக்க வெளியே ஆள் பிடிப்பதைவிட நான் மலிவு. எனவே தமிழ் பேசும் செயலியின் குரல் என்னுடையது.

அய்யாவைச் சேர்க்கலாமா என்று கம்பெனியில் கேட்டேன். டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். அனுமதி கொடுக்கும் குழுவும் ஒத்துக்கொண்டது. நிஜ மருந்தையும் வெறும் மாவையும் ஒரே மாதிரி கேப்சூலில் அடைத்து, பச்சைத் தாள் ஒட்டிய டப்பாக்கள், மஞ்சள் தாள் ஒட்டிய டப்பாக்கள் என்று பார்சல் வந்தது. முதலில் சம்மதம் வாங்க வேண்டும். அதற்கு நீளமான ஒலிப்பதிவு ஒன்று உண்டு. அய்யாவும் அம்மாவும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனில் வந்த என் குரலைக் கேட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதிவு முடிந்ததும் அம்மா “ஆமென்” என்றாள்.

“வெளங்குச்சா அய்யா?”

“ஒண்ணுல மருந்து, ஒண்ணுல மாவு. எது எதுன்னு ஒனக்குத் தெரியுமாலே?”

“தெரியாது.”

“டாக்டரம்மாவுக்கு?”

“அவுகளுக்கும் தெரியாது.”

“பெறகு யாருக்குத்தான் தெரியும்?”

“கம்ப்யூட்டருக்குத் தெரியும்.”

“அது யாருக்கு வேண்டிய ஆளு?”

யாருக்கும் வேண்டிய ஆள் இல்லை என்பதை நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கம்பெனியில் கற்றுக்கொடுத்த வார்த்தைகள் எதுவும் எடுபடவில்லை. அதற்குள் அம்மா அரிவாள்மனையை இழுத்துப்போட்டுக் காரல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு வழி தோன்றியது.

கரைவலை கரையேறியதும் விற்கிற மீன் விலைக்குப் போய்விடும். வீட்டுக் கறிக்கென்று ஒதுக்கியதை மணலில் கூறு கூறாகக் குவிப்பார்கள். இழுத்தவர்களில் ஒருவர் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு “இது யாருக்கு?” என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். எந்தக் கூறு என்று அவருக்குத் தெரியாது. அதனால் பெரிய மீன் கிடைக்காதவனும் அவரைத் திட்ட முடியாது.

“அய்யா, கம்ப்யூட்டருதான் கடலப் பாத்து நிக்கிற ஆளு. அது சொல்ற டப்பாவ நம்ம எடுக்குறோம். அம்புட்டுத்தான்.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. அம்புட்டு நேரம் பிரசங்கம் வச்ச” என்றார் அய்யா. மையில் தொட்டுக் கைநாட்டு வைக்கப் பெருவிரலை நீட்டினார். இதற்குத் திரையைத் தொட்டால் போதும் என்றேன்.

அம்மா மீனை விட்டுத் தலை தூக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள். டப்பாக்களைப் பத்திரமாக வைத்து, செயலி சொல்லும் நிறத்தைத் திறந்து, காலையில் அய்யா கையில் கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. வீட்டில் மாத்திரை எப்போதும் அவள் கையிலிருந்துதான் வரும்.

அதன் பிறகு வந்த மாதங்களில் வீட்டில் இருவரும் என்னோடு பேசியதைவிட என் குரலோடு அதிகம் பேசினார்கள். “வணக்கம். இன்று உங்கள் கால் வலி எப்படி இருக்கிறது? பூஜ்யம் என்றால் வலி இல்லை. பத்து என்றால் தாங்க முடியாத வலி.” அய்யா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். “ஏலே, பக்கத்துலதான இருக்க. நேராக் கேட்டா என்ன?” என்பார். நேராகக் கேட்கக்கூடாது, நான் மகன் என்பதால் பதில் மாறிவிடும் என்று விளக்கினேன். “இதுவும் நீதான” என்றார். இதை மதுரைக்கு எழுதி அனுப்பினேன். நல்ல கருத்து என்று பதில் வந்தது.

எண்ணோடு முகங்களும் திரையில் இருந்தன. பூஜ்யத்துக்கு நேரே சிரிக்கும் முகம், பத்துக்கு நேரே அழும் முகம். பூஜ்ய முகம் ஓட்டுக் கேட்க வருகிறவன் மாதிரி இருக்கிறது என்று அதை அவர் ஒருநாளும் தொடவில்லை. வலை இல்லாத நாளிலும் இரண்டுக்குக் கீழே இறங்கியதில்லை. கச்சான் காற்று ஓங்கி அடித்து வலை மணலில் கிடந்த வாரத்தில், வேலை இல்லாததால் கால் கூடுதலாக வலிக்கிறது என்று ஏழு போட்டார்.

சோதனைக் காலம் முடிந்ததும் படம் வந்தது. இரண்டு கோடுகள், ஒன்று நிஜ மருந்து, இன்னொன்று வெறும் மாத்திரை. கயிறு முறுக்கினதுபோல ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு போயின. டாக்டரம்மா படத்தை அய்யாவிடம் திருப்பிக் காட்டினார். “பாருங்க, மருந்து இருந்தாலும் இல்லாட்டியும் உங்க காலு ஒரே மாதிரிதான் வலிச்சிருக்கு. மாத்திரை மேல குத்தம் இல்ல.”

அய்யா யோசித்தார். கூறு விழுந்த பிறகு சண்டை போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. “சரிம்மா. விழுந்தது விழுந்ததுதான். திங்குறேன்” என்றார். அன்று சாயங்காலமே சாப்பிட்டார். அடுத்தடுத்த நாட்களும் சாப்பிட்டார். கம்பெனிக் கூட்டத்தில் என் அய்யாவின் படம் பெரிய திரையில் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த வாரக் கடைசியில், அய்யா கரைக்குப் போயிருந்த நேரம், படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். அவள் இதுவரை பார்க்கவில்லை. இரண்டு கோடும் எப்படிச் சேர்ந்தே போகின்றன என்று விரல் வைத்துக் காட்டினேன்.

“சமமா வந்துருக்குல்ல?” என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஒரு திருப்தி.

“ஆமா.”

“வராம என்ன செய்யும். நாந்தான சரிபண்ணேன்.”

கரையில் கூறு போடும்போது குவியல்கள் கண்ணுக்குச் சமமாக இல்லையென்றால் அப்படியே விடமாட்டார்கள். பெருத்த கூறிலிருந்து நாலு மீனை எடுத்துச் சிறுத்த கூறில் போட்டுச் சரிபண்ணிய பிறகுதான் ஒருவர் திரும்பி நிற்பார். அந்தச் சரிபண்ணும் வேலைக்கு எங்கள் கரையில் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கை வைத்த கூறில் யாரும் குறை சொன்னதில்லை.

பார்சல் வந்த அன்றே பச்சை டப்பாக்களையும் மஞ்சள் டப்பாக்களையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டி, நன்றாகக் கலந்து, மறுபடி டப்பாக்களில் அடைத்திருக்கிறாள். அதன் பிறகு செயலி சொன்ன நிறத்தை ஒருநாள்கூடத் தவறவிடாமல் திறந்து கொடுத்திருக்கிறாள்.

“எதுக்கும்மா இப்படிச் செஞ்ச?”

“ஒரு கூறு முழுசும் மாவுன்ன. இன்னொரு கூறு முழுசும் மருந்துன்ன. அது என்ன கூறு? நெஞ்சுல வலை வச்ச மனுசனுக்கு மாசம் முழுக்க மாவக் குடுத்து, அவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?”

உவமை நன்றாகவே வேலை செய்திருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“அவர் இப்ப மாத்திரை சாப்பிடுறாரா?”

“சாப்பிடுறாரு டாக்டர்.”

“இந்த ரிசல்ட் செல்லாது தம்பி. நான் ஃபைல்ல அப்படித்தான் எழுதணும்.” பிறகு, “அவர்ட்ட நீங்க சொல்லித்தான் ஆகணும். கேட்டுட்டு மாத்திரைய விட்டுறாம இருக்க வழி இருந்தா, அதையும் யோசிச்சுட்டுச் சொல்லுங்க” என்றார்.

அப்படி ஒரு வழி எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் யோசனை எளிமையானது. “திங்குறாருல்ல. வாய மூடிட்டு இரு.” இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அய்யா தினமும் மாத்திரையை விழுங்கிவிட்டு, “குத்தம் இல்லாத மாத்திர” என்று சொல்லிக்கொள்வார். கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. வலையிலிருந்து வந்தவர் வாசல்படியில் ஏறும்போது நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்தேன். தீர்ப்பு வந்துவிட்டது என்று நம்பி வலியைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கரைக்கே போய், அவர் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

அய்யா கயிற்றை விடவில்லை. “ஒங்க அம்மாவா?”

“ஆமா.”

“திரும்பி நிக்கிறதுக்கு முன்னாடி கை வச்சாளா, பேரு விழுந்த பெறகு கை வச்சாளா?”

“முன்னாடிதான்.”

“அப்ப அவ மேல தப்பு இல்ல.”

எனக்கு மூச்சு வந்தது. அவர் முடிக்கவில்லை.

“ஆனா கணக்கு செல்லாதுங்கிற.”

“செல்லாது அய்யா. மறுபடி போடணும். மதுரையில சொல்லிட்டேன், மாத்திர அடச்சு வரக் கொஞ்ச நாளாகும்.”

“சரி, போடு. கூறு செல்லாதுன்னா மறுபடி போடுற வரைக்கும் எவனும் மீனத் தொடக்கூடாது. நானும் தொடல.”

அந்தக் கொழுப்பு மாத்திரையை அன்றே நிறுத்தினார். அது கடவுள் கட்டளை மாதிரி, யார் சொல்லியும் அசையவில்லை. பங்குச் சாமியாரை வைத்துச் சொல்லிப் பார்த்தாள் அம்மா. சாமியாரிடம் அய்யா கூறு போடும் முறையை விளக்கினார். சாமியார் நியாயம்தான் என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். அதன் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. அய்யா ஏப்பம் விட்டாலும் எட்டிப் பார்த்தாள். நெஞ்சைச் சொறிந்தாலும் எட்டிப் பார்த்தாள். வேலைக்கு நடுவில் நானும் பார்த்தேன். கம்பெனிக்குத் தினமும் நினைவூட்டல் அனுப்பினேன். அவசரம் என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டேன். அங்கே எல்லா மின்னஞ்சல்களிலும் அந்தச் சொல் இருக்கும்.

இந்த முறை பார்சல் வருமுன் டாக்டரம்மாவிடம் அம்மாவைக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, என்னிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டாள். மாவு தின்கிற மாதத்தில் மனுசனுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

“அம்மா, ரத்தம் உறையாம இருக்க வேற மாத்திரை குடுக்குறோம்ல, அத ஒருநாளும் நிறுத்த மாட்டோம். இது அப்படி இல்ல. வருசக்கணக்குல வேல செய்ற மாத்திரை. நடுவுல கொஞ்ச வாரம் இல்லாட்டி பெருசா ஒண்ணும் ஆகாது. காலம் பூராத் திங்காம இருந்தாத்தான் ஆபத்து.”

“இத யாரும் எங்கிட்டச் சொல்லலையே” என்றாள் அம்மா.

ஒலிப்பதிவில் இருக்கிறது, கடைசிப் பகுதியில், என் குரலில்தான் இருக்கிறது. அதை அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செயலியில் அப்போது சம்மதத்துக்கு ஒரு கட்டம்தான் இருந்தது, அதைத் தொட ஒரு விரல்தான். ஒற்றை நோயாளிக்கான சோதனை என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் நோயாளி ஒருவர் மட்டுமாக இருந்ததே இல்லை. இதையும் மதுரைக்கு எழுதினேன். இப்போது அந்தத் திரையில் ‘மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்’ என்று இரண்டாவது கட்டம் ஒன்று இருக்கிறது.

இரண்டாவது பார்சலில் ஒவ்வொரு நாளைக்கும் தனி உறை, ஒட்டி மூடியது. நடுநடுவே எதுவுமே சாப்பிடாத வாரங்களும் சேர்த்தார்கள். அந்த உறைகளில் கேப்சூல் இருக்காது, ஒரு சீட்டு மட்டும் இருக்கும். உறைகளை யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். “ஏன், அவதான் வைக்கணும்” என்றார் அய்யா. அம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். அன்றுதான் என்னோடு பேசினாள். “ஒட்டுனது ஒட்டுனபடி இருக்கும். பயப்படாத” என்றாள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்கள் மூவரையும் வரச்சொன்னார். படத்தில் இப்போது மூன்று கோடுகள். நிஜ மருந்தும் வெறும் மாத்திரையும் போன தடவை மாதிரியே பின்னிக்கொண்டு மேலே போயின. எதுவும் சாப்பிடாத வாரங்களின் கோடு தனியாகக் கீழே கிடந்தது.

“நான் கலந்ததுலயும் இதான வந்துச்சு” என்றாள் அம்மா.

அது வேறு, இது வேறு என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா கையைக் காட்டினார். நிறுத்திக்கொண்டேன்.

அய்யா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “மாவு தின்னப்பவும் வலிச்சிருக்கா?”

“வலிச்சிருக்கு” என்றார் டாக்டரம்மா.

“நானா சொன்னேன்?”

“நீங்க சொன்னதுதான்.”

“ஒண்ணும் திங்காதப்ப கம்மி.”

“ஆமா.”

அவர் முகம் இறுகியது. கரையில் எத்தனையோ பேரிடம் கால் கடுக்கிறது என்று சொல்லி, பாரம் குறைவான இடமென்று கயிற்றின் கடைசியில் நின்றிருக்கிறார். “அப்ப நான் பொய்யா நடிச்சேன்னு சொல்லுதா இது?”

“இல்லங்கய்யா” என்றார் டாக்டரம்மா. அதுவரை அவர் ‘அய்யா’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “வலி நெசம். வாயில ஒண்ணு போட்டா வலிக்கும்னு ஒங்க ஒடம்பு எதிர்பாத்து நிக்கிது. அதுக்கு மருந்தா மாவான்னு தெரியல. நெறையப் பேருக்கு அப்படி நடக்கும்.”

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஆட்டோக்காரர்கள் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எதத் தின்னாலும் வலிக்கும்” என்றார் அய்யா கடைசியாக.

“இப்போதைக்கு அப்படித்தான்.”

“அப்ப மாவத் திங்குறதுக்கு மருந்தவே தின்னுட்டுப் போறேன். வலிக்கிறதுக்கு நெஞ்சுக்காவது ஆகும்ல.”

டாக்டரம்மா தலையாட்டினார். எழுதப் பேனாவை எடுத்தார்.

“ஒண்ணும்மா” என்றார் அய்யா. “வலிக்கலன்னு எழுதிறாதீக. வலிக்கிதுன்னு நான் சொல்லுவேன். தெனமும் சொல்லுவேன். மாத்திரைய விட்டுருவேன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. சொன்னா யாராவது கேக்கணும், அம்புட்டுத்தான்.”

டாக்டரம்மா அதை அப்படியே எழுதினார். எழுதி முடித்து ஒருமுறை படித்தும் காட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில், மண்டபம் தாண்டும் முன்பே, கெண்டைக்கால் கட்டுகிறது என்றார் அய்யா. அம்மா நகர்ந்து உட்கார்ந்து கால் நீட்ட இடம் கொடுத்தாள்.